ஏற்பு பெற்ற தொட்டி

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் வரவேற்பறையில் ஒரு பெரிய திரை மாட்டியிருக்கிறார்கள். அதில் செய்தி வாசிக்கிற எல்லோருக்கும் முகம் பச்சையாக இருக்கும். பின்னால் ஏதோ ஒரு வயர் லூசாகி வெகுகாலம் ஆகிறது, சொருகிவிட ஆளில்லை. அதே சுவரில், திரைக்குப் பக்கத்திலேயே, கண்ணாடிச் சட்டம் போட்டு "தரத்தில் சமரசம் இல்லை" என்று ஒரு வாசகமும் தொங்குகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் உட்காரத் தெரிந்தவர்களுக்குத்தான் அங்கே வேலை கொடுக்கிறார்கள் போலிருக்கிறது.

ஒரு படத்தை ஒளிபரப்பக் கொண்டுவந்த எடிட்டர் முதல் நாளே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் சிரித்ததாகத் தகவல் இல்லை.

எடிட்டர் என்றதும் பெரிய சினிமா ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டு மாடியில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு திரைகள். கல்யாண வீடியோ தொகுப்பதுதான் பிழைப்பு. மணப்பெண்ணின் கன்னத்துப் பருவை அழிப்பார். பெரியப்பா கொட்டாவி விடுகிற இடத்தைக் கத்தரிப்பார். இரண்டு வீட்டாரும் முறைத்துக்கொண்டு நிற்கிற காட்சிக்குப் புல்லாங்குழல் போட்டு, உறவு தேனாக ஓடுவதுபோல் காட்டிவிடுவார். இந்தத் தடவை அவர் கையில் எடுத்தது கல்யாணம் இல்லை. ஒரு தண்ணீர்த் தொட்டி.

அந்தத் தொட்டி அவருடைய அக்கா குடியிருக்கும் தெருவில் நான்கு தூண்களின் மேல் நிற்கிறது. தெரு வளர்ந்து வளர்ந்து தொட்டியின் காலடிவரை வந்துவிட்டது. கடைசி வீடு அக்காவுடையது. மதியத்துக்கு மேல் தொட்டியின் நிழல் அவள் வீட்டுத் தகரக் கூரையில் வந்து படுத்துக்கொள்ளும். நிழல் மட்டும் விழுந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தொட்டியின் விளிம்பிலிருந்து அடிவயிறுவரை ஒரு விரிசல். அதன் வழியாக உள்ளிருக்கும் துருப்பிடித்த கம்பி தெரியும். அங்கிருந்து அவ்வப்போது ஒரு சிமென்ட் துண்டு கழன்று தகரத்தின் மேல் 'டக்' என்று விழும்.

இப்போதைக்குத் தொட்டியைப் பாதிதான் நிரப்புகிறார்கள். புது மோட்டார் வந்ததும் விளிம்புவரை நிரப்பப்போவதாகப் பேச்சு. அந்தப் பேச்சு காதில் விழுந்த நாளிலிருந்து அக்கா தண்ணீர் இலாகாவுக்கு நடையாய் நடந்தாள். தண்ணீர் இலாகாவின் இன்ஜினியர் ஒருமுறை வந்தார். ஜீப்பை விட்டு இறங்காமல் தலையை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தார்.

"நிக்குதே! அப்புறம் என்னம்மா?"

"விழுந்த அப்புறம் சொல்ல நாங்க இருக்கமாட்டோம் சார்."

"இங்க பாருங்கம்மா. நீங்க சொல்லி நான் எழுதினா மேலிடம் படிக்காது. டிவியில வரட்டும். மேலிடம் என்னைக் கூப்பிட்டுக் கேட்கும். அவங்க கேட்டாத்தான் நான் பதில் எழுத முடியும்."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே எல்லோருக்கும் பட்டது. அந்த நிலையத்தில் பொதுமக்கள் எடுத்த குறும்படங்களுக்கென்று வாரம் ஒருநாள் அரைமணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். தொட்டிப் படத்துக்கும் ஒரு தேதி கிடைத்தது. மோட்டார் வருவதற்கு முந்தின வாரம். எடிட்டர் கேமராவைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினார்.

படம் நன்றாகத்தான் வந்திருந்தது. விரிசலை அருகில் போய் எடுத்திருந்தார். ஓரிடத்தில் பின்னணிக் குரலை நிறுத்திவிட்டு, அக்கா வீட்டுக் கூடத்தை மட்டும் காட்டியிருந்தார். அக்காவின் புருஷன் தையல்காரர். அவர் மிஷினை நிறுத்திவிட்டு மேலே பார்க்கிறார். 'டக்.' மறுபடி மிதிக்கிறார். மறுபடி நிறுத்துகிறார். 'டக்.' பார்த்தவர்கள் தங்கள் வீட்டுக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்கள்.

இனிமேல் படத்தை நிலையத்தில் ஒப்படைப்பதுதான் பாக்கி என்று எடிட்டர் நினைத்தார்.

நிலையத்துக்குள் ஒரு கோப்பு எப்படி நுழைய வேண்டும் என்பதற்குத் தலையணை உயரத்தில் ஒரு விதிமுறைப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். முதலில், திரையின் நிறத்தைச் சரிபார்க்க, ஒரு நிமிடம் வண்ணப் பட்டைகள். அதனுடன் 'கூ' என்று ஏறாமல் இறங்காமல் ஓர் ஒலி. பிறகு பெயர்ப்பலகை. பிறகு வெறும் கறுப்புத் திரை. பிறகு, வேறு வழியில்லை என்றால், படம். அதன் பிறகு மறுபடியும் கறுப்பு. அந்தப் புத்தகத்தில் பட்டைகளுக்குப் பதினோரு பக்கம். படத்துக்கு ஒரு பத்தி.

இதையெல்லாம் சரிபார்க்கும் தொழில்நுட்ப ஏற்பு அதிகாரியை வெளியில் 'டெசிபல்' என்றுதான் சொல்வார்கள். கழுத்தில் எப்போதும் பெரிய ஹெட்போன் மாட்டியிருப்பார். காதில் மாட்டி யாரும் பார்த்ததில்லை. மேஜையில் ஓர் இயந்திரம். அதை அவர் 'சிஸ்டம்' என்பார். சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழும்.

"உங்க ஃபைல் திரும்பிடுச்சு," என்றார் டெசிபல்.

"என்ன சார் தப்பு?"

"ஃபைல் பேரு. எல்லா எழுத்தும் பெரிய எழுத்தா இருக்கணும். நடுவுல சின்ன எழுத்து வந்திருக்கு."

"உள்ள படம் சரியா இருக்கா சார்?"

"உள்ள நாங்க இன்னும் போகவே இல்லையே."

எடிட்டர் பெயரை மாற்றிக் கொண்டுவந்தார். பட்டைகள் ஒரு நொடி குறைந்ததாகத் திரும்பியது. பட்டையை நீட்டினார். பெயர்ப்பலகையில் எழுத்து ஓரத்தைத் தொட்டதாகத் திரும்பியது. எழுத்தைச் சுருக்கினார். இத்தனைக்கும் நடுவில் வரவேற்பறைத் திரையில் செய்தி வாசிப்பவர் பச்சை முகத்தோடு பொருளாதாரம் பேசிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒலி அளவு.

"உங்க அக்கா பேசற இடத்துல மீட்டர் மேல போயிடுது."

"கோபமா பேசறாங்க சார். தலைக்கு மேல தொட்டி."

"கோபப்படட்டும். நாங்க வேணாம்னு சொல்லலையே! ஆனா சராசரியா கோபப்படணும். மொத்தக் கோபத்தையும் ஒரே இடத்துல கொட்டக்கூடாது. படம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா பரப்பி விடுங்க."

"விளம்பரம் எல்லாம் காதைக் கிழிக்குதே சார்?"

டெசிபல் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவங்க நமக்குப் பணம் தர்றாங்க. உங்களுக்கு நாம நேரம் தர்றோம். சத்தமும் அதுக்கேத்த மாதிரிதானே இருக்கும்?"

எடிட்டர் மாடி அறைக்குப் போய் அக்காவின் கோபத்தை இறக்கினார். கத்தினது எல்லாம் முணுமுணுப்பாகியது. அடுத்த தடவை மீட்டர் ஒன்றும் சொல்லவில்லை. சிஸ்டம் சொன்னது. டெசிபல் அறிக்கையைத் திருப்பிக் காட்டினார்.

"ரெண்டு பெரிய குறை. முதல் குறை, ஆடியோவில 'டக் டக்'னு இடையில இடையில ஒரு கோளாறு. ரெண்டாவது, படத்துல மேலிருந்து கீழ வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு. லென்ஸ்ல கீறல் இருந்தா இப்படி வரும்."

எடிட்டருக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"சார், அது கீறல் இல்ல. விரிசல்! அந்த 'டக்' சிமென்ட் விழற சத்தம். படத்துல கோளாறு இல்ல சார், தொட்டியில கோளாறு!"

"தொட்டி எங்க பிரிவுல வராது. கோடு வரும்."

"ஒரே ஒரு தடவை படத்தைப் போட்டுப் பாருங்க சார். உங்களுக்கே தெரியும்."

டெசிபல் ஹெட்போனைத் தடவிக்கொண்டார். "நாங்க படம் பார்க்கறதில்ல. இருபத்தாறு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன், ஒரு படம் பார்த்ததில்ல. பார்த்தா என்ன ஆகும்? ஒண்ணு பிடிக்கும், இல்ல பிடிக்காது. அப்புறம் எங்க நடுநிலை? மீட்டர் பார்ப்போம். சிஸ்டம் சொல்றதைக் கேட்போம். அதனாலதான் இந்தப் பிரிவு மேல இதுவரைக்கும் ஒரு புகார் கிடையாது."

படத்தைப் பார்க்கிற பிரிவு எங்கே இருக்கிறது என்று கேட்டு, எடிட்டர் மூன்றாம் மாடிக்கு ஏறினார். லிஃப்ட் ஓடவில்லை. நிகழ்ச்சிப் பிரிவு மேடம் நகத்தை ஊதிக்கொண்டே, "ஏற்பு ஆகாத படத்தை நாங்க பார்க்கக்கூடாதுங்க," என்றார். "ஏற்பு ஆனதும் பார்ப்பீங்களா மேடம்?" "ஏற்பு ஆயிட்டா அப்புறம் பார்க்க என்ன இருக்கு?" ஆக, அந்த நிலையத்தில் ஒரு படத்தை முதன்முதலில் பார்ப்பவர்கள் வீட்டில் டிவி வைத்திருக்கும் பாவப்பட்ட ஜனங்கள்தான்.

எடிட்டர் நேரே அக்கா வீட்டுக்குப் போனார். விரிசலை அழிக்கச் சொல்கிறார்கள் என்று சொல்லும்போது அவருக்கே நாக்கு கூசியது.

"இந்தக் கூத்தே வேணாம்க்கா. படத்தைத் திரும்ப வாங்கிடறேன்."

அக்கா முற்றத்தில் விழுந்த துண்டுகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். "வாங்கிட்டு? வேற எந்த டிவிக்காரன் நமக்காகக் காத்துக்கிட்டு இருக்கான்? அடுத்த வாரம் மோட்டார் வருது தம்பி. கோட்டை எடுக்கணும்னா எடுத்துடு. அதான் வாயால சொல்றோமில்ல, விரிசல் விரிசல்னு!"

"படத்துல இல்லாததை வாயால சொன்னா யாரு நம்புவாங்கக்கா?"

"டிவியில தெரு வந்தா போதும். நாலு பேரு தேடிக்கிட்டு வருவாங்க. வந்தா கண்ணு இருக்கில்ல? மேல பார்க்க மாட்டாங்களா?"

தையல்கார மாமா வாயில் வைத்திருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னார்: "உங்கக்கா சொல்றதும் சரிதான் மாப்ள. துணியில கிழிசல் இருந்தா எடுத்துத்தான் தைக்கணும். ஆனா நீ கிழிசலை போட்டோவுல தைக்கப் போறே. அது எந்த ஊர் தையல்னு எனக்குத் தெரியல."

அக்காவின் பேச்சுதான் ஜெயித்தது. எடிட்டர் மாடியறையில் உட்கார்ந்து, மணப்பெண்ணின் பருவை அழிக்கிற அதே கருவியை எடுத்தார். தொட்டியின் நல்ல பாகத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து விரிசலின் மேல் ஒட்டினார். கேமரா அசைந்த இடங்களில் ஒட்டும் கூடவே அசையும்படி செய்தார். ஓரங்களைக் கரைத்தார். ஒலி வரிசையில் ஒவ்வொரு 'டக்'கும் ஒரு முள்போல நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். வேலை முடிந்து பார்த்தபோது அவருக்கே பயமாக இருந்தது. தொட்டி நேற்றுக் கட்டியதுபோல் நின்றது.

டெசிபல் அறிக்கையோடு காத்திருந்தார்.

"கோடு போயிடுச்சு. சந்தோஷம். ஆனா இப்போ ஒலியும் ஒளியும் ஒத்துப்போகலை. பின்னணிக் குரல்ல 'விரிசல்'னு வருது. படத்துல விரிசலே இல்லையே!"

"நீங்கதான சார் எடுக்கச் சொன்னீங்க!"

"அது போன அறிக்கை. இது இந்த அறிக்கை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

பின்னணிக் குரல் போயிற்று. அது போன இடமெல்லாம் மௌனமானது. இரண்டு நொடிக்கு மேல் மௌனம் இருந்தால் நிலையத்தின் டவரே பழுதாகிவிட்டதாக நேயர்கள் நினைத்துக்கொள்வார்களாம். அதனால் மௌனத்தை இசையால் நிரப்பச் சொன்னார்கள். எடிட்டரிடம் இருந்தது கல்யாணப் புல்லாங்குழல் ஒன்றுதான். அதை எடுத்துத் தொட்டியின் மேல் ஊற்றினார். அடுத்த அறிக்கை அக்காவைப் பற்றியது: "பெண்மணி ஒருவர் காட்சியில் இல்லாத பொருளைக் குறிப்பிடுகிறார். நேயர்கள் குழம்பக்கூடும்."

அப்போதுதான் எடிட்டர் எழுந்து நின்று, "என் படத்தைக் குடுத்துடுங்க சார், எனக்கு ஒளிபரப்பே வேண்டாம்," என்றார்.

டெசிபல் கோபப்படவில்லை. கோபமும் சராசரி அளவில்தான் இருக்க வேண்டும் என்று நம்புகிறவர். "தாராளமா எடுத்துக்குங்க. அந்த அரைமணி நேரத்துக்கு எங்ககிட்ட ஒரு சமையல் நிகழ்ச்சி இருக்கு. பத்து தடவை போட்டது. ஆனா எவ்வளவு சுத்தமான ஃபைல் தெரியுமா!"

எடிட்டர் உட்கார்ந்தார். அக்கா சொன்ன 'நாலு பேரு' மட்டுமே அவர் மனதில் இருந்தது. யாராவது வருவார்கள். வந்தால் மேலே பார்ப்பார்கள். வீட்டுக்குப் போய் அக்காவின் பேச்சையும் வெட்டினார். வெட்டியது போக அவள் சொன்னது இவ்வளவுதான் மிஞ்சியது: "பாருங்க... இதுக்குக் கீழதான் நாங்க குடும்பத்தோட இருக்கோம்... ராத்திரியெல்லாம் இதை நினைச்சுக்கிட்டுத்தான் படுக்கறோம்... எல்லாரும் ஒருதடவை வந்து பார்க்கணும்." சொல்லிவிட்டு, கையை உயர்த்தி, பளபளவென்று நிற்கும் தொட்டியைக் காட்டுகிறாள். புல்லாங்குழல் ஏறுகிறது.

சிஸ்டம் பச்சை விளக்குக் காட்டியது. டெசிபல் எழுந்து வந்து எடிட்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். டெசிபலின் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு.

"இந்த வருஷம் வந்ததுலேயே சுத்தமான ஃபைல் இதுதான் சார். ஒரு கோடு இல்ல, ஒரு சத்தம் இல்ல, ஒரு முரண் இல்ல. எடுத்த உடனே எல்லாரும் இப்படியே குடுத்தா எங்களுக்கு எதுக்கு இவ்வளவு வேலை?"

ஒளிபரப்பு நாளன்று தெருவே தையல்கார மாமாவின் கூடத்தில் கூடியது. தொட்டி திரையில் வந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். கடைசியில் மாமாதான் கேட்டார்:

"நல்ல தொட்டியா இருக்கே. எங்க மாப்ள இருக்கு இது?"

எடிட்டர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா அவரை விட்டுக்கொடுக்கவில்லை. "ஆளு வரட்டும், பார்த்துக்கலாம்," என்றாள்.

ஆள் வந்தது. அந்த வகையில் அக்காவின் கணக்குத் தப்பவில்லை. மேலிடம் படத்தைப் பார்த்துவிட்டு இன்ஜினியரைக் கூப்பிட்டுக் கேட்டதாம். அவர் மூன்று உதவியாளர்களுடன் வந்து இந்தத் தடவை ஜீப்பை விட்டு இறங்கினார். கையில் ஒரு டேப்லெட். அதில் படம். டேப்லெட்டைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், மறுபடி டேப்லெட்டைப் பார்த்தார்.

"இதுல விரிசல் இல்லையே."

"அதுல எதுக்கு சார் பார்க்கறீங்க? தலையை நிமிர்த்தி மேல பாருங்க!" என்றாள் அக்கா.

"மேல பார்த்தேன்மா. இல்லேன்னு சொல்லலையே! ஆனா நான் கண்ணால பார்க்கறது என் சொந்த அபிப்பிராயம். இது நாடே பார்த்தது. தர ஏற்பு வாங்கினது. மேலிடத்துக்கு என் கண்ணைப் பிடுங்கி அனுப்ப முடியுமா? இதைத்தான் அனுப்ப முடியும்."

எடிட்டர் முன்னால் வந்து தன் போனை நீட்டினார். "சார், இதுதான் நான் முதல்ல எடுத்தது. விரிசல் இருக்கு பாருங்க. சத்தமும் இருக்கு."

இன்ஜினியர் ஆர்வமாகத்தான் வாங்கிப் பார்த்தார். "இதுக்கு ஏற்பு இருக்கா?"

"இல்ல சார். திருப்பிட்டாங்க."

"ஏன் திருப்பினாங்க?"

"கோளாறு இருக்குன்னு."

"பார்த்தீங்களா!" என்று இன்ஜினியர் உதவியாளர்கள் பக்கம் திரும்பினார். அவர்கள் மூவரும் தலையாட்டினார்கள். பிறகு அவர் அங்கேயே நின்று முடிவு செய்தார். ஒளிபரப்பான நாளில் தொட்டி நன்றாக இருந்தது. ஆகவே இப்போது தெரிவது ஒளிபரப்புக்குப் பிறகு உண்டான மேற்பூச்சுக் குறை. படத்தில் உள்ளபடி தொட்டியைச் சரிசெய்ய உத்தரவு. நல்ல நிலையில் இருக்கும் தொட்டியைப் பாதி மட்டும் நிரப்புவது பொதுச்சொத்தை வீணடிப்பது என்பதால், புது மோட்டார் வந்ததும் முழுக்க நிரப்பவும் உத்தரவு.

எடிட்டர் நிலையத்துக்கு ஓடினார். முதல் படத்தை ஒருமுறை, ஒரே ஒருமுறை போடச் சொல்லி டெசிபலிடம் கெஞ்சினார்.

"இப்போ எப்படி சார் போடறது?" என்றார் டெசிபல். "தொட்டியைப் பூசறாங்கன்னு நீங்களே சொல்றீங்க. பூசி முடிச்சதும் அந்தப் படம் நடப்புக்கு முரணா ஆயிடும். முன்னாடி டெக்னிக்கலாத்தான் தப்பா இருந்துச்சு. இப்போ உண்மையாவே தப்பு."

வெளியே வந்து வரவேற்பறையில் உட்கார்ந்தார் எடிட்டர். பச்சை முகத்துக்காரர் மழை வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது போன் அடித்தது. அக்கா.

"பூசி முடிச்சுட்டாங்க தம்பி. வெள்ளையும் அடிச்சாச்சு. உன் படத்துல இருக்கற மாதிரியே இருக்கு, ஒரு மாத்தம் இல்ல. காலையில மோட்டாரும் போட்டாங்க. தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு."

"அக்கா, அங்க நிக்காதே. மாமாவைக் கூட்டிக்கிட்டு உடனே என் வீட்டுக்கு வந்துடு."

"மிஷினைக் கழட்டிக்கிட்டு இருக்காரு. தெருவுல மத்தவங்க எங்கடா போவாங்க? தண்ணி ஆபீசுல போய்ச் சொன்னேன், இன்னும் சத்தம் கேட்குதுன்னு. டிவியில கேட்கலையேம்மான்னு சிரிக்கறான்."

போனுக்குள் 'டக்' என்றது. எடிட்டர் பேசாமல் இருந்தார். அக்காவும் பேசாமல் இருந்தாள். இரண்டு நொடிக்கு மேலேயே ஆகியிருக்கும். மறுபடி 'டக்', உடனே இன்னொன்று, சேர்ந்தாற்போல் நாலைந்து.

"தம்பி," என்றாள் அக்கா. "படத்துல இதை எடுத்தியே. இங்க எப்படிடா எடுக்கறது?"